கைக்குழந்தையோடு பொடி விற்கலாம், கைக்குழந்தைக்கான மாவு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மகளிர் பக்கங்களில் அடிக்கடி ஒரு கட்டுரை வருகிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண் தன் பிள்ளைக்காகச் சத்துமாவு அரைத்தார், அக்கம்பக்கத்தார் கேட்டார்கள், வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டார், இன்று மாதம் இத்தனை ஆயிரம் என்று போகும். அடியில் கைபேசி எண் இருக்கும். அந்தப் பெண்களின் உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அதைப் படித்துவிட்டு அதே வேலையில் இறங்கும் இளம் தாய்மார்களுக்குத் தெரிய வேண்டிய இரண்டு விஷயங்கள் அந்தக் கட்டுரைகளில் இருப்பதில்லை. ஒன்று சட்டம், மற்றொன்று கணக்கு. வீட்டு உணவுத் தயாரிப்பாளர்களுக்குப் பதிவு, லேபிள், பார்சல் வேலைகளில் துணை நிற்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதலில் சட்டம். பிள்ளை பெற்றவர்களுக்கு முதலில் தோன்றும் தொழிலே குழந்தைச் சத்துமாவுதான். "6 மாதம் முதல்" என்று லேபிளில் அச்சடித்து, சிரிக்கும் குழந்தையின் படத்தையும் போட்டுவிடுகிறார்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் வகைகள், பால்புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய ஒழுங்குமுறைச் சட்டம் இந்தியாவில் 1992இல் வந்தது, 2003இல் திருத்தப்பட்டது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரை, தாய்ப்பாலோடு கூடுதலாகக் கொடுப்பதற்கென்று சொல்லி விற்கும் எந்த உணவும், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அந்தச் சட்டத்தின்படி குழந்தை உணவு. அதை விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. லேபிளில் குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இன்ஸ்டாகிராமில் போடும் முப்பது விநாடி ரீலும் விளம்பரம்தான். விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கு பெறுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது என்பதால், கைபேசி எண்ணோடு குழந்தை மாவை அறிமுகம் செய்யும் பத்திரிகைகளும் இதை யோசிக்க வேண்டும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. குழந்தை உணவுக்கென்று தனி ஒழுங்குமுறையை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்தது. சத்து எவ்வளவு, கிருமி எவ்வளவு வரை, பொட்டலம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் அதில் வரம்பு இருக்கிறது. தெருமுனை மாவு மில்லில் அரைத்துக் கொடுக்கும் மாவு அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. முந்தைய ஆள் வேர்க்கடலையோ மிளகாயோ அரைத்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில்தான் உங்கள் மாவும் விழுகிறது. பூசணம் பிடித்த வேர்க்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. பெரியவர் உடம்பு தாங்கும் அளவை ஏழு கிலோ குழந்தையின் உடம்பு தாங்காது. தன் பிள்ளைக்கு அரைத்துக் கொடுப்பது தாயின் பொறுப்பில் நடக்கிறது. நூறு வீட்டுப் பிள்ளைகளுக்கு அரைத்து விற்பது வேறு வேலை. வீட்டார் குடிக்கும் சத்துமாவுக் கஞ்சி என்று விற்பதற்குத் தடையில்லை. குழந்தையின் வயதைக் குறிக்கும் சொல் லேபிளிலும் வேண்டாம், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பதிவிலும் வேண்டாம், தொலைபேசியில் கேட்பவருக்குச் சொல்லும் பதிலிலும் வேண்டாம். சத்துமாவில் கம்பு சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த சில நாட்களிலேயே கசப்பு ஏறத் தொடங்கும். வறுத்து அரைத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதை விற்பது? கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பொருளைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பார்ப்பது ஒன்றே. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக முடிய வேண்டும். பிள்ளை எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மாலை நாலு மணிக்குச் சூடாகக் கொடுத்தனுப்ப வேண்டிய பலகாரம், அன்றன்றைக்கு விற்றாக வேண்டிய இட்லி மாவு, குறித்த தேதியில் போய்ச் சேர வேண்டிய பிறந்தநாள் கேக் எல்லாம் அழுகிற பிள்ளையோடு ஒத்துப்போகாது. உலர்ந்த பொடி வகைகள் ஒத்துப்போகும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ரசப் பொடி. இவற்றிலும் வறுப்பதும் அரைப்பதும் இடையில் நிறுத்த முடியாத வேலைகள். பொறுக்குவது, நிறுப்பது, லேபிள் ஒட்டுவது, பெட்டி மடிப்பது எல்லாம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். முதல் வகையை வாரத்தில் ஒரே நாளில், வீட்டில் இன்னொரு பெரியவர் பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். மிளகாய் வறுக்கும் நெடி பச்சைப் பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. அந்த நேரம் பிள்ளை வேறு அறையில்கூட அல்ல, வீட்டுக்கு வெளியே இருப்பதே நல்லது. மிளகாய் தொட்ட கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாலும் எரிச்சல் முழுதாகப் போவதில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இட்லிப் பொடியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ கலவைக்கு உளுந்து 430 கிராம், கடலைப்பருப்பு 270, எள் 125, வரமிளகாய் 100, கல் உப்பு 60, பெருங்காயம் 15. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் சிவப்பதால். கல் உப்பையும் வெறும் வாணலியில் வறுத்தே போட வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பொடி கட்டிதட்டுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். எள்ளைக் கடைசியில் சேர்த்து, மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டுங்கள். அதிகம் ஓட்டினால் எண்ணெய் பிரிந்து பொடி பிசுபிசுக்கும், சீக்கிரம் காறல் வாடையும் வரும். வறுத்ததைத் தாம்பாளத்தில் பரப்பி ஒன்றரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அரைத்தபின் பொடி மறுபடி சூடாகியிருக்கும், அதையும் அரை மணி நேரம் பரப்பிவைக்க வேண்டும். இந்த இரண்டாவது ஆறலைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வெதுவெதுப்பாகப் பைக்குள் போட்டு மூடினால் உட்புறம் வேர்த்துவிடும். பத்து நாளில் கட்டி, இருபது நாளில் பூசண வாடை, பிறகு வாடிக்கையாளரின் தொலைபேசி.

கறிவேப்பிலைப் பொடி செய்பவர்கள் விலை போடும்போது ஏமாறுவது இலையின் எடையில். காம்பு நீக்கிய பச்சை இலை காய்ந்ததும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். இலை கையில் நொறுங்கும் வரை காய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். பூண்டு சேர்த்த பொடி ருசியாக இருக்கும், ஆனால் பூண்டின் ஈரம் ஆயுளைக் குறைக்கும். தொடக்கத்தில் பூண்டு இல்லாத பொடிகளோடு நின்றுகொள்ளுங்கள்.

பை விஷயத்தில் ஜிப் பையின் ஜிப்பை நம்பக் கூடாது. அது வாங்கியவர் திறந்து மூடுவதற்கானது. ஜிப்புக்கு மேலே சூட்டால் ஒட்ட வேண்டும். கையால் அழுத்தும் எட்டு அங்குலச் சீலிங் மெஷின் போதும். ஒட்டும் வரியில் ஒரு துளி பொடி இருந்தாலும் அங்கே காற்று புகும், அதனால் புனல் வைத்து நிரப்பி, வாய்ப்பகுதியைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பத்துப் பையில் ஒன்றை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தத் தடவை ஒட்டிய அத்தனையையும் மறுபடி ஒட்ட வேண்டும். உள்ளே அலுமினியப் படலம் உள்ள பை, கண்ணாடி போன்ற பையைவிடப் பொடியைக் கூடுதல் நாள் காக்கும். வெளிச்சமும் காற்றும் எண்ணெய்ச் சத்தைக் கெடுக்கும் என்பதே காரணம்.

இனிக் கணக்கு. ஐந்து கிலோ கலவையை வறுத்து அரைத்தால் ஐந்து கிலோ பொடி வராது. வறுப்பில் போகும் ஈரம், மிக்ஸியிலும் சல்லடையிலும் ஒட்டுவது எல்லாம் போக 4.6 கிலோ கிடைத்தால் நன்று. அது 200 கிராம் பொட்டலமாக 23. ஒரு கிலோ கலவைக்குச் சரக்கு விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பொட்டலத்துக்கு 33 ரூபாய். பை 8, லேபிள் 3, எரிவாயு மின்சாரம் 3, கெட்டுப்போவதற்கும் சோதனைக்கு எடுத்துவைப்பதற்கும் 3. ஐம்பது ஆகிவிட்டது. இத்தோடு நிறுத்திவிட்டு 100 ரூபாய்க்கு விற்றால் ஐம்பது லாபம் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுத்தம் செய்ய ஒரு மணி, வறுக்க இரண்டு, அரைக்க ஒன்று, நிரப்பி ஒட்ட இரண்டு என ஆறு மணி நேரம் ஓர் ஆள் உழைத்திருக்கிறார். மணிக்கு 80 ரூபாய் வைத்தாலும் பொட்டலத்துக்கு 21. அட்டைப்பெட்டி, டேப் செலவு இரண்டு பொட்டலத்துக்கு 15. ஆக அடக்கம் 79 ரூபாய் வரும். 130 ரூபாய்க்கு விற்று, அனுப்பும் செலவைத் தனியாக வாங்கினால்தான் நிற்க முடியும். மாதம் இரண்டு தடவை அரைத்து 46 பொட்டலமும் விற்றுப்போனால், கூலியும் லாபமும் சேர்ந்து கையில் மூவாயிரத்துச் சொச்சம். சரக்கு விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் போக்கு மாறாது. முதல் ஆறு மாதத்தில் எதிர்பார்க்க வேண்டிய தொகை இந்த அளவுதான், லட்சம் இல்லை. சீலிங் மெஷின், தராசு, நூறு பை, நூறு லேபிள், ஒரு தடவைக்கான சரக்கு எல்லாம் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு என்றாலும், மூன்று மாத விற்பனையைப் பார்க்கும் முன் வாங்க வேண்டாம்.

200 கிராம் என்று நாங்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கூரியர் கட்டணம் பெரும்பாலும் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறும். இரண்டு 250 கிராம் பொட்டலம் பெட்டியோடு சேர்ந்து 580 கிராம் ஆகி ஒரு கிலோக் கட்டணத்துக்குள் விழும். இரண்டு 200 கிராம் பொட்டலம், பை பத்துப் பத்துக் கிராம், பெட்டி 60 கிராம் என்றால் 480தான். பெட்டியின் அளவையும் பாருங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் கிலோவை உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் கேட்கும் கூரியர்கள் பல. 25க்கு 20க்கு 12 பெட்டி 1.2 கிலோவாகக் கணக்கிடப்படும். 20க்கு 15க்கு 8 பெட்டி 480 கிராமுக்குள் அடங்கும். கூரியர் போகாத கிராமங்களுக்கு அஞ்சல் துறையின் ஸ்பீட் போஸ்ட் போகும்.

"டெலிவரி இலவசம்" என்று போடாதீர்கள். பொருள் வந்தபின் பணம் என்பதையும் முதல் ஆண்டு ஏற்க வேண்டாம். வாங்க மறுத்தால் போன கூலியும் திரும்பி வந்த கூலியும் உங்கள் தலையில் விழும், பொடியும் வெயிலில் அலைந்து வந்திருக்கும். யுபிஐயில் பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போடவே தேவையில்லை. போடச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

பதிவுகள் பற்றிச் சுருக்கமாக. உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பொட்டலம்கூட விற்கக் கூடாது. வீட்டளவுச் சிறு உற்பத்திக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, பதிவு போதும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே செய்யலாம். அரசுக் கட்டணம் மிகக் குறைவு, இடையில் இருப்பவர்கள்தான் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிறுதொழிலுக்கான உதயம் பதிவு 2020 ஜூலை முதல் முழுக்க இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். பணம் கேட்கும் தளம் அரசுத் தளமாக இருக்காது. பொட்டலமிட்டு விற்பவர்கள் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிலும் பதிய வேண்டும். தராசும் முத்திரையிட்டதாக இருக்க வேண்டும், இணையத்தில் வாங்கும் சமையலறைத் தராசு அதற்கு ஆகாது. அரசுப் பணியில் இருந்து மகப்பேறு விடுப்பில் வீட்டில் இருப்பவர்கள் முன் அனுமதி இல்லாமல் இதில் இறங்கக் கூடாது, நடத்தை விதிகள் இடம் தராது.

ஜிஎஸ்டியில் ஒரு குழி இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பாலக்காடும் பெங்களூரும் வெளிமாநிலம் என்பது எல்லோருக்கும் தெரியும். கடலூரிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் புதுச்சேரிக்கும் அதே விதிதான் என்பது மறந்துபோகிறது. பெரிய இணைய விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு முன்பு எப்படியும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்கள் ஜிஎஸ்டி பதிவுக்குப் பதிலாகச் சேர்க்கை எண் பெற்று விற்க வழி செய்திருக்கிறார்கள்.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள் அதிக எடையிலிருந்து குறைந்த எடை வரிசையில், சத்து விவரம், சைவக் குறியான பச்சை வட்டம், நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், வரி உட்பட்ட அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை (மேலே சொன்ன பொட்டலத்துக்கு 0.65 ரூபாய்), புகார் சொல்லத் தொலைபேசி எண், முழு முகவரி எல்லாம் வர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்புறம் படித்துப் பார்த்து, இருந்தால் உங்கள் லேபிளின் ஒவ்வாமை வரியில் கோதுமை என்று எழுத வேண்டும். எள் ஒவ்வாதவர்களும் உண்டு, அதையும் தடித்த எழுத்தில் காட்டுவது நல்லது. "சர்க்கரை நோய் குறையும்", "ரத்தசோகை தீரும்" போன்ற வரிகள் கூடவே கூடாது.

காலாவதித் தேதியைப் பக்கத்து வீட்டுப் பொட்டலத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். அது தவறு. விற்பனைக்கு முன் செய்யும் முதல் தொகுதியில் நாலு பை எடுத்துவைத்து 15, 30, 45, 60ஆம் நாட்களில் ஒவ்வொன்றாகத் திறந்து நிறம், வாடை, கட்டி பார்த்து நோட்டில் எழுதுங்கள். அறுபதாம் நாள் நன்றாக இருந்தால் 45 நாள் என்று போடுங்கள். விற்பனை கூடும்போது ஆய்வகச் சோதனைக்குப் போகலாம். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுச் சோதனைக்கும் பயிற்சிக்கும் வசதி இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

முகவரி பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வீட்டு முகவரி லேபிளில் கட்டாயம் என்பதால், பகலில் தாயும் பிள்ளையும் மட்டும் இருக்கும் வீட்டு வாசலுக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து நிற்பது நடக்கிறது. "நேரில் விற்பனை இல்லை" என்று வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கின் முகப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்தச் செயலியில் தானாகப் பதில் போகும் வசதி உண்டு. திங்கள், வியாழன் மட்டும் அனுப்புவோம், முந்தைய நாள் மாலை ஆறு மணி வரை பணம் செலுத்தியவர்களுக்கு என்று அதில் வைத்துவிட்டால் நள்ளிரவுக் கேள்விகள் பாதியாகக் குறையும். பையில் போடும் சிலிக்கா ஜெல் உறை, பெட்டியிலிருந்து கழன்ற ஸ்டேப்ளர் பின், பாலித்தீன் துண்டு எல்லாம் தவழும் பிள்ளையின் வாய்க்குப் போகிற பொருட்கள். எட்டு மாதம் நெருங்கும்போது சரக்கு வைக்கும் அலமாரியை இடுப்பு உயரத்துக்கு மேலே மாற்றிவிட வேண்டும்.

பிள்ளைக்கோ தாய்க்கோ வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்த வாரம் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. நோய் உள்ள கை உணவைத் தொடக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. "இந்த வாரம் அனுப்புதல் இல்லை" என்று ஒரு வரி போட்டால் போதும். பணம் கட்டியவர்களுக்கு அடுத்த வாரத் தேதியைச் சொல்லுங்கள், வேண்டாம் என்பவர்களுக்கு அன்றே திருப்பி அனுப்புங்கள்.

இனி இப்படி ஒரு கட்டுரை வெளியிடும்போது, விற்பவரின் பதிவு எண்ணையும் ஒரு பொட்டலத்தின் அடக்க விலையையும் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிடுமாறும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான உணவு என்றால் கைபேசி எண்ணோடு வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டு உணவுத் தயாரிப்பாளர்களுக்குத் துணை நிற்கும் வாசகர்கள்,
ஈரோடு.